தீக்காலத்தில் மின்கார்: ராத்திரி பத்து மணிக்கு எவ்வளவு சார்ஜ் இருக்கிறது?

கலிஃபோர்னியாவில் வீடுகளுக்கு கார் சார்ஜரும் பேட்டரியும் பொருத்திக் கொடுப்பது என் தொழில். செப்டம்பர் பிறந்துவிட்டால் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வரும்: "கரண்டும் போய், காட்டுத்தீயும் வந்துட்டா, இந்தக் காரை நம்பி வீட்டை விட்டுக் கிளம்ப முடியுமா?" கேட்பவர்களில் நம்மவர்களும் நிறைய. சான் ரமோன், சரடோகா பக்கம் மலையடிவாரத்தில் வீடு வாங்கி, இருக்கிற இரண்டு காரையும் மின்காராக மாற்றிவிட்டவர்கள். முடியும் என்றுதான் சொல்வேன். ஆனால், கார் எந்த நேரத்தில் சார்ஜ் ஆகிறது என்பதை முதலில் கேட்டுக்கொள்வேன்.

ஏனென்றால் இங்கே பெரும்பாலான வீடுகளில் கார் நள்ளிரவில்தான் சார்ஜ் ஆகத் தொடங்கும். வட கலிஃபோர்னியாவுக்கு மின்சாரம் தரும் பிஜி அண்ட் ஈ நிறுவனம், மின்கார் உள்ள வீடுகளுக்கென்றே வைத்திருக்கும் கட்டணத் திட்டத்தில் நள்ளிரவு 12 முதல் மாலை 3 மணி வரை யூனிட் விலை குறைவு. மாலை 4 முதல் 9 வரை ஏறத்தாழ இரு மடங்கு. யாராக இருந்தாலும் 12 மணிக்குத்தான் நேரம் குறித்து வைப்பார்கள். நானே அப்படித்தான் வைத்துக் கொடுக்கிறேன். காசுக் கணக்குக்கு அது சரி. ஆனால் பகலெல்லாம் ஓடிவிட்டு வரும் கார், அந்த நாளிலேயே மிகக் குறைந்த சார்ஜோடு இருப்பது ராத்திரி ஒன்பதிலிருந்து பன்னிரண்டுக்குள்.

இப்போது தீ எப்போது வந்திருக்கிறது என்று பாருங்கள். 2017 அக்டோபர் 8 அன்று, கலிஸ்டோகா அருகே டப்ஸ் தீ பற்றியபோது இரவு பத்தாகக் கால் மணி நேரம் இருந்தது. விடிவதற்கு வெகு நேரம் முன்பே அது சான்டா ரோசா நகருக்குள் புகுந்துவிட்டது. தூக்கத்திலிருந்து எழுந்து ஓடினார்கள். 22 பேர் இறந்தார்கள். 2019 அக்டோபர் 23 அன்று கின்கேட் தீ தொடங்கியதும் இரவு ஒன்பதரை வாக்கில்தான். உள்நாட்டு மலைகளிலிருந்து கடற்கரை நோக்கி இறங்கும் வறண்ட டயாப்லோ காற்று இரவில் வலுக்கும் என்பது இங்குள்ளவர்களுக்குத் தெரியும். எல்லாத் தீயும் அப்படி வருவதில்லை. 2018 நவம்பர் 8 அன்று பேரடைஸ் ஊரை அழித்த கேம்ப் தீ காலை ஆறரைக்குப் பிடித்தது. அன்று நள்ளிரவில் சார்ஜ் போட்டவரின் கார் நிரம்பியிருக்கும்.

ஆகவே நான் சொல்வது, செப்டம்பரிலிருந்து மழை நன்றாகப் பிடிக்கும் வரை, வீட்டுக்கு வரும் கார் 50 சதவீதத்துக்குக் கீழே இறங்காதபடி பார்த்துக்கொள்ளுங்கள். தேசிய வானிலைச் சேவை ரெட் ஃபிளாக் எச்சரிக்கை (தீ பிடித்தால் வேகமாகப் பரவும் வானிலை என்ற எச்சரிக்கை) விட்டால் அன்றைக்கு மட்டும் கட்டண நேரத்தை மறந்துவிட்டு, மாலை வந்தவுடனேயே பிளக்கைச் செருகிவிடுங்கள். அப்படியும் 30 சதவீதத்துக்கு இறங்கிவிட்ட 75 யூனிட் பேட்டரியை 80-க்குக் கொண்டுவர, 240 வோல்ட் சார்ஜரில் ஐந்து மணி நேரம் பிடிக்கும். ஐந்து மணிக்குப் போட்டால் பத்துக்கு முடிந்துவிடும். பில்லில் பத்துப் பதினைந்து டாலர் கூடும், அவ்வளவுதான். சாதாரண 120 வோல்ட் பிளக் பாயின்ட்டை மட்டும் நம்பியிருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. அதில் மணிக்கு 1.4 யூனிட், அதாவது நாலைந்து மைல் தூரத்துக்கான சார்ஜ்தான் ஏறும். அவர்கள் எச்சரிக்கைக்கு முந்தைய நாளே தொடங்க வேண்டும்.

மின்வெட்டில் இரண்டு வகை உண்டு என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். கேம்ப் தீ, ஏறத்தாழ நூறாண்டுப் பழைய மின்கோபுரம் ஒன்றில் தேய்ந்துபோன கொக்கியால் வந்தது. 85 பேர் இறந்த அந்த வழக்கில், 84 பேரின் சாவுக்கு 2020-இல் பிஜி அண்ட் ஈ குற்றத்தை ஒப்புக்கொண்டது. காற்று பலமாக வீசும் நாட்களில் முன்கூட்டியே மின்சாரத்தை நிறுத்திவிடும் வழக்கம் அந்தத் தீக்குப் பிறகுதான் பெரிய அளவில் வந்தது. 2019 அக்டோபர் கடைசியில் ஒரே வாரத்தில் 9 லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளுக்குக் கரண்ட் இல்லை. அதே வாரத்தில் கின்கேட் தீக்காக 1,80,000-க்கும் மேற்பட்டோரை வீடுகளிலிருந்து வெளியேறச் சொன்னார்கள். இந்த வகை நிறுத்தத்துக்கு வழக்கமாக இரண்டு நாள் முன்பே குறுஞ்செய்தி வரும். காரை நிரப்பிக்கொள்ள அது போதும். இன்னொரு வகை 2021-இல் வந்தது: கம்பியில் ஒரு கிளை உரசினாலும் நொடிக்குள் மின்சாரத்தை வெட்டிவிடும்படி பாதுகாப்புக் கருவிகளை மாற்றியமைத்தார்கள். தீ விபத்து குறையும், நல்லதுதான். ஆனால் அதற்கு முன்னறிவிப்பு கிடையாது.

"இதுக்குத்தான் பெட்ரோல் கார் ஒண்ணு வேணும்" என்பார்கள். வைத்துக்கொள்ளுங்கள், தவறில்லை. ஆனால் பெட்ரோல் பங்க்கிலும் தரைக்கடியில் இருக்கும் பெட்ரோலை மேலே ஏற்றுவது மின்மோட்டார்தான். கரண்ட் இல்லாவிட்டால் பங்க்கும் மூடிக்கிடக்கும். கனடாவின் ஃபோர்ட் மெக்மரியில் 2016 மே மாதம் 80,000-க்கும் மேற்பட்டோர் ஒரே நெடுஞ்சாலையில் கிளம்பியபோது வழியில் இருந்த பங்க்குகள் வற்றிப்போயின. வண்டிகள் சாலையோரத்தில் நின்றன. 2011 ஜப்பான் நிலநடுக்கத்துக்குப் பிறகு இதற்கு நேர்மாறு நடந்தது. சென்டாய் பகுதியில் மின்சாரம் சில நாட்களில் திரும்பிவிட்டது, பெட்ரோல்தான் கிடைக்கவில்லை; நிவாரண வேலைக்கு மின்கார்கள் ஓடின.

தூரத்தைப் பற்றிய பயம் பெரும்பாலும் வீண். பேரடைஸிலிருந்து சிகோ ஊருக்கு 15 மைல்தான். அந்த 15 மைலைக் கடக்கவே அன்று பலருக்கு மணிக்கணக்கில் ஆனது, சிலர் காரிலேயே உயிரை விட்டார்கள். அங்கே குறைவாக இருந்தது நேரமும் சாலையும். நெரிசலில் நிற்கும் மின்காருக்கு இன்ஜினைச் சும்மா ஓடவிட வேண்டிய செலவு இல்லை. ஏசி மட்டும் மணிக்கு ஒன்றிலிருந்து இரண்டு யூனிட் வரை எடுக்கும். ஐந்து மணி நேரம் நின்றாலும் 75 யூனிட் பேட்டரியில் பத்து சதவீதம் முன்பின் போகும். புகைக்குள் போகும்போது வெளிக்காற்றை அடைத்து, உள்காற்றையே சுழலவிடுங்கள். சார்ஜை மிச்சப்படுத்துகிறேன் என்று ஏசியை அணைத்துவிட்டு ஜன்னலைத் திறப்பவர்கள் இருக்கிறார்கள், தயவுசெய்து வேண்டாம்.

நான் அதிகம் கவலைப்படுவது வேறொன்றுக்கு. இப்போது சில கார்களிலிருந்து வீட்டுக்கே மின்சாரம் எடுக்கலாம். ஃபோர்டின் மின் பிக்கப் வண்டி 9.6 கிலோவாட் வரை தரும். பெரிய பேட்டரியில் 131 யூனிட். அமெரிக்க வீடு ஒன்றின் சராசரிச் செலவு நாளைக்கு 30 யூனிட் அளவில் இருப்பதால், நான்கு நாள் சமாளிக்கலாம் என்று கணக்குப் போடத் தோன்றும். கணக்கு சரிதான், ஆனால் தப்பித்துப் போகவும் அதே பேட்டரிதானே? கரண்ட் போன முதல் இரவிலேயே ஃபிரிட்ஜ், டிவி, மேல்மாடி ஏசி எல்லாம் ஓடிக்கொண்டிருக்க, மறுநாள் காலையில் கார் 20 சதவீதத்தில் நிற்பதை வாடிக்கையாளர் வீட்டில் பார்த்திருக்கிறேன். ரெட் ஃபிளாக் எச்சரிக்கை நீங்கும் வரை பாதிக்குக் கீழே வீட்டுக்குக் கொடுக்காதபடி வரம்பு போட்டு வையுங்கள். ஃபிரிட்ஜுக்கு ஒரு நாளைக்கு ஒன்று, ஒன்றரை யூனிட்தான் தேவை, அதை ஓட்டினால் போதும். இன்னொன்று: வெளிக்கம்பியிலிருந்து வீட்டைத் துண்டித்துவிடும் முறையான மாற்று சுவிட்ச் இல்லாமல் காரையோ ஜெனரேட்டரையோ வீட்டு வயரிங்கோடு இணைக்காதீர்கள். கம்பி வழியாக வெளியே போகும் மின்சாரம், தெருவில் வேலை செய்யும் லைன்மேனைக் கொன்றுவிடும்.

மாடியில் சோலார் இருக்கிறதே என்பவர்களுக்கு ஒரு செய்தி. பேட்டரி இல்லாத சோலார், கரண்ட் போனதும் தானும் நின்றுவிடும், உச்சி வெயிலிலும்தான். அதுவும் அந்த லைன்மேனுக்காகத்தான். வீட்டு பேட்டரி இருந்தாலும், டெஸ்லாவின் வீட்டு பேட்டரியான பவர்வால் ஒன்றின் கொள்ளளவு 13.5 யூனிட். அப்படியே காரில் ஊற்றினால் நாற்பது, ஐம்பது மைல் ஓடும், வீடு இருண்டுவிடும். மின்வெட்டின்போது கார் அதிலிருந்து எவ்வளவு இழுக்கலாம் என்பதை முன்பே ஆப்பில் குறித்துவிடுங்கள்.

சின்ன ஜெனரேட்டரில் காரைச் சார்ஜ் செய்யப் பார்த்தால் பல சமயம் சார்ஜர் சிவப்பு விளக்கைக் காட்டி மறுத்துவிடும். ஜெனரேட்டரில் நியூட்ரலும் எர்த்தும் இணைக்கப்படாமல் இருப்பதுதான் காரணம், சார்ஜர் கெட்டுப்போகவில்லை. அதற்கென்றே பிளக் கிடைக்கிறது. எலக்ட்ரீஷியனிடம் கேட்டு, கரண்ட் இருக்கும்போதே ஒருமுறை சோதித்துப் பாருங்கள். ஜெனரேட்டரை கராஜுக்குள் வைக்கவே கூடாது.

செல்போனையும் முழுதாக நம்பாதீர்கள். 2019 அக்டோபர் நிறுத்தத்தில் மரின் கவுண்டியில் பாதிக்கும் மேற்பட்ட செல்போன் கோபுரங்கள் வேலை செய்யவில்லை. போன்தான் உங்கள் கார் சாவி, போனில் உள்ள ஆப்பால்தான் ஃபாஸ்ட் சார்ஜர் திறக்கும் என்றால் சிக்கல். காரோடு வந்த சாவி அட்டையும், சார்ஜர் நிறுவனங்கள் தரும் அட்டையும் பர்ஸில் இருக்கட்டும்.

அப்புறம் கராஜ் கதவு. 2017 தீயில் கரண்ட் இல்லாமல் கதவைத் திறக்க முடியாமல் இறந்தவர்கள் உண்டு. அதனால்தான் 2019 ஜூலை முதல் கலிஃபோர்னியாவில் விற்கும், பொருத்தும் கராஜ் மோட்டார்களுக்கு பேட்டரி கட்டாயமாயிற்று. உங்கள் மோட்டார் அதற்கு முந்தையது என்றால் மேலே தொங்கும் சிவப்புக் கயிற்றைக் கண்டுபிடியுங்கள். கதவு மூடியிருக்கும்போது அதை இழுத்துவிட்டு, கதவைக் கையால் தூக்க வேண்டும். ஊரிலிருந்து வந்து தங்கியிருக்கும் அம்மா அப்பாவால் தூக்க முடிகிறதா என்று ஒருநாள் பாருங்கள். முடியவில்லை என்றால் ஸ்பிரிங்கைச் சரிசெய்ய ஆள் கூப்பிடுங்கள். அது வரைக்கும், காற்று அடிக்கும் நாட்களில் காரைத் தெருவைப் பார்த்தபடி வெளியில் நிறுத்துங்கள்.