ஒரு மூலிகை மரபணுவில் விட்டுச்செல்லும் கையெழுத்து

"இரண்டாயிரம் வருஷமாக மக்கள் சாப்பிட்டுவந்த மூலிகைக்கு ஆய்வகச் சான்றிதழ் எதற்கு? தீங்கு இருந்திருந்தால் இத்தனை தலைமுறைக்குள் தெரிந்திருக்காதா?" சீன மூலிகையிலிருந்து மலேரியா மருந்தைப் பிரித்தெடுத்த து யூயூவுக்கு 2015இல் நோபல் பரிசு கிடைத்ததைப் பற்றிப் பேச்சு வந்தபோது ஒரு வாசகர் கேட்ட கேள்வி இது. நியாயமான கேள்வி. பழைய சீன நூலில் இருந்த ஒரு குறிப்பைப் பிடித்துக்கொண்டுதான் து யூயூ ஆர்ட்டெமிசினினை அடைந்தார். மரபறிவு அங்கே வழிகாட்டியது, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அதே சீன மருந்துப் பெட்டியில் இன்னொரு செடியும் இருந்தது. அந்தச் செடியின் கதையைச் சொன்னால் வாசகரின் இரண்டாவது கேள்விக்கு விடை கிடைக்கும்.

1992இல் பெல்ஜியத் தலைநகர் பிரசல்ஸில் ஐம்பது வயதைத் தொடாத இரண்டு பெண்கள் சிறுநீரகம் செயலிழந்து மருத்துவமனைக்கு வந்தார்கள். திசுவை எடுத்துப் பார்த்தால் சிறுநீரகத்தின் உட்பகுதி முழுக்கத் தழும்பேறிக் கிடந்தது. வழக்கமான காரணம் எதுவும் பிடிபடவில்லை. இருவரும் உடல் மெலிய ஒரே சிகிச்சை நிலையத்துக்குப் போயிருக்கிறார்கள் என்பது விசாரித்தபோது தெரிந்தது. அந்த நிலையம் சுமார் பதினைந்து வருடமாக எந்தப் பிரச்சினையும் இல்லாமல் நடந்துவந்தது. 1990இல் மாத்திரைக் கலவையில் இரண்டு சீன மூலிகைப் பொடிகளைப் புதிதாகச் சேர்த்திருந்தார்கள். மருத்துவர் வான்ஹெர்வெகெம் குழுவினர் 1993இல் லான்செட் மருத்துவ இதழில் இதை வெளியிட்டார்கள். பாதிக்கப்பட்டவர்களின் எண்ணிக்கை பின்னர் நூறைத் தாண்டியது. பலர் டயாலிசிஸுக்கும் மாற்றுச் சிறுநீரகத்துக்கும் போனார்கள்.

நடந்தது ஆள்மாறாட்டம். வாங்க நினைத்தது ஸ்டெபானியா டெட்ராண்ட்ரா என்ற கொடியின் கிழங்கு. சீனத்தில் அது ஹான் ஃபாங் ஜி. வந்து சேர்ந்ததோ குவாங் ஃபாங் ஜி, அதாவது அரிஸ்டோலோக்கியா ஃபாங்ச்சி. சந்தையில் இரண்டுக்கும் ஃபாங் ஜி என்றே பெயர். காய்ந்து, சீவி, பொடித்த பிறகு கண்ணால் பிரித்தறிய வழியில்லை. பொடியில் இருந்தது அரிஸ்டோலோக்கிக் அமிலம்.

இந்த அமிலம் அறிவியலுக்கு அப்போது புதிதல்ல. ஜெர்மனியில் இதை நோய் எதிர்ப்பைத் தூண்டும் மருந்தென்று மாத்திரையாகவே விற்றார்கள். எலிகளுக்குக் கொடுத்தால் கடுமையாகப் புற்றுநோய் வருகிறது என்ற ஆய்வு 1982இல் அச்சாகிவிட்டது. ஜெர்மனி அந்த மருந்துகளைச் சந்தையிலிருந்து எடுத்தும் விட்டது. எட்டு வருடம் கழித்து அதே அமிலம் வேறு பெயர் ஒட்டிய பொடியாகப் பக்கத்து நாட்டுக்குள் வந்தது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம்தான் வருகிறது.

எலிக்கு வந்தது மனிதருக்கும் வந்தது. சிறுநீரகம் செயலிழந்த பெல்ஜிய நோயாளிகளில் 39 பேர், பழுதான தங்கள் சிறுநீரகங்களையும் சிறுநீர்க்குழாய்களையும் முன்னெச்சரிக்கையாக அகற்றிக்கொள்ளச் சம்மதித்தார்கள். அகற்றிய உறுப்புகளைச் சோதித்தபோது 18 பேருக்கு ஏற்கெனவே புற்றுநோய் தொடங்கியிருந்தது. 2000ஆம் ஆண்டு அந்த அறிக்கை வெளியானது.

அரிஸ்டோலோக்கியா நமக்கும் அந்நியமல்ல. கரிசல் காட்டில் பருத்திக்கு நடுவே களையாகப் படர்ந்து கிடக்கும் ஆடுதீண்டாப்பாளை இந்தப் பேரினம்தான். ஈஸ்வரமூலி என்றும் பெருமருந்து என்றும் சொல்லும் கொடியும் இதன் உடன்பிறப்பு. இலையைக் கசக்கினால் நெடி மூக்கில் ஏறும். குழல்போன்ற சிறு பூவின் வாய் கருஞ்சிவப்பாக இருக்கும். இலையைப் புரட்டிப் பார்த்தால், உடலெங்கும் மெத்தென்ற சிவந்த முட்களோடு ஒரு கம்பளிப்புழு நிதானமாக மேய்ந்துகொண்டிருப்பதைச் சில சமயம் காணலாம். கருப்பு இறக்கையில் செம்புள்ளிகளும் சிவந்த உடலும் கொண்ட பட்டாம்பூச்சியின் புழு அது. இலையிலிருக்கும் அமிலத்தைத் தன் உடம்பில் சேமித்துக்கொள்வதால் பறவைகள் அதைத் தொடுவதில்லை. அந்தப் பாதுகாப்பைப் பார்த்து, நஞ்சே இல்லாத வேறொரு பட்டாம்பூச்சி இனத்தின் பெண்கள் அதே வேஷம் போட்டுப் பிழைக்கின்றன. செடிக்கும் பூச்சிக்கும் இந்த அமிலம் காவல். மனிதச் சிறுநீரகத்துக்குள் அது என்ன செய்கிறது என்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். எனக்குத் தெரிந்த மூலக்கூறு வழிமுறைகளில் இவ்வளவு நுட்பமான இன்னொன்று இல்லை.

செடி இந்த அமிலத்தை டைரோசின் என்ற சாதாரண அமினோ அமிலத்திலிருந்து கட்டுகிறது. கசகசாச் செடி மார்ஃபின் செய்யப் போகும் பாதையின் முதல் பகுதியும் இதுவே. கடைசியில் கிடைப்பது நான்கு வளையங்கள் ஒட்டிய தட்டையான மூலக்கூறு. அதில் ஒரு நைட்ரோ தொகுதி இருக்கிறது. உயிரினங்கள் செய்யும் பொருள்களில் நைட்ரோ தொகுதி அரிது, வினையெல்லாம் அதில்தான்.

கஷாயமாகக் குடித்த அமிலம் குடலைக் கடந்து இரத்தத்தில் சுற்றுகிறது. சிறுநீரகக் குழல்களின் சுவர்ச் செல்களில் கரிம அமிலங்களை இரத்தத்திலிருந்து இழுத்து வெளியேற்றும் கடத்திப் புரதங்கள் உண்டு. கழிவை அகற்றுவது அவற்றின் வேலை. இந்த அமிலத்தையும் கழிவென்று எண்ணி உள்ளே இழுத்துக்கொள்கின்றன. உள்ளே என்.கியூ.ஓ.1 என்ற நொதி காத்திருக்கிறது. நச்சுப்பொருள்களை ஒடுக்கிச் செல்லைக் காப்பது அதன் வழக்கம். அது நைட்ரோ தொகுதியில் எலக்ட்ரான்களை ஏற்றுகிறது. காப்பாற்றச் செய்த அந்தக் காரியமே அமிலத்தை ஒரு வெறிகொண்ட நேர்மின் அயனியாக மாற்றிவிடுகிறது. அது அக்கம்பக்கத்தில் எதையாவது பற்றாமல் நிற்காது. பற்றுவது டி.என்.ஏ.வை, அதிலும் அடினின், தைமின், குவானின், சைட்டோசின் என்ற அதன் நான்கு எழுத்துகளில் பெரும்பாலும் அடினினை. சிறுநீரகம் தன் கடமையைச் சரியாகச் செய்ததுதான் அதற்கு வினையாக முடிகிறது.

டி.என்.ஏ.வில் எதுவும் ஒட்டிக்கொள்வது புதுமையல்ல. புகை, வெயில், கருகிய இறைச்சி எல்லாமே ஒட்டும், உரசும், முறுக்கும். அதற்காகச் செல்லில் பழுதுபார்க்கும் படை இருக்கிறது. அதில் இரண்டு பிரிவு. முதல் பிரிவு மரபணுத்தொகுதி முழுவதையும் ரோந்து சுற்றும். அது எழுத்துகளை ஒவ்வொன்றாகப் படிப்பதில்லை. இரட்டை இழை எங்கே தளர்ந்து வாய்பிளந்து நிற்கிறது என்று தடவிப் பார்க்கும். தளர்ந்த இடம் தட்டுப்பட்டால் நின்று, வெட்டி, சரிசெய்யும்.

அரிஸ்டோலோக்கிக் அமிலத்தின் எச்சம் இந்த ரோந்தை ஏமாற்றுகிறது. தட்டையான உருவம் அல்லவா, இரண்டு எழுத்து இணைகளுக்கு நடுவே நழுவிப் படுத்துக்கொள்கிறது. பள்ளிக்கூட நாளில் நோட்டுப் புத்தகத்துக்குள் வைத்த மயிலிறகு வெளியே தெரியாமல் இருந்தது போல. அதன் வளையங்கள் மேலும் கீழும் உள்ள எழுத்துகளோடு ஒட்டி உறவாடுவதால் அந்த இடத்தில் இழைகள் தளர்வதற்குப் பதிலாக இன்னும் இறுகிவிடுகின்றன. சூடேற்றி இழைகளைப் பிரித்துப் பார்த்தால், ஒட்டு உள்ள டி.என்.ஏ. பிரிவதற்குக் கூடுதல் வெப்பம் கேட்கிறது. தளர்வைத் தேடி வரும் ரோந்து, வழக்கத்தைவிட உறுதியான இடத்தைக் கண்டு கடந்துபோய்விடுகிறது. இந்த ஒட்டுகள் வருடக்கணக்கில் அங்கேயே கிடப்பதற்கு இதுவே காரணம். மூலிகையை நிறுத்தி ஆண்டுகள் பல கழிந்த பின்பும் சிறுநீரகத் திசுவில் அவற்றை அளக்க முடிகிறது.

இரண்டாவது பிரிவு வேறு மாதிரி வேலை செய்யும். ஒரு மரபணுவைப் புரதமாக்க வேண்டுமென்றால் முதலில் ஆர்.என்.ஏ. பிரதி எடுக்க வேண்டும். பிரதி எடுக்கும் நொதி இரண்டு இழைகளில் ஒன்றின்மீது மட்டும் ஊர்ந்து போகும். வழியில் இந்த ஒட்டு இருந்தால் முட்டி நின்றுவிடும். நின்ற இடத்துக்குப் பழுதுபார்க்கும் ஆட்கள் வந்து சேர்ந்து ஒட்டை வெட்டி எடுப்பார்கள். ஆக, நொதி ஊர்ந்த இழை சுத்தமாகிறது. எதிர் இழையில் யாரும் ஊர்வதில்லை, அங்கே ஒட்டு அப்படியே இருக்கிறது.

பிறகு செல் பிளவுபடும் நேரம் வருகிறது. டி.என்.ஏ.வைப் படியெடுக்கும் வழக்கமான நொதி ஒட்டுள்ள அடினினைப் படிக்கத் தெரியாமல் திணறும்போது, தடையைத் தாண்டிப் போவதற்கென்றே இருக்கும் இன்னொரு வகை நொதி வருகிறது. அடினினுக்கு எதிரே தைமின் வைக்க வேண்டிய இடத்தில் அது பெரும்பாலும் இன்னொரு அடினினை வைத்துவிட்டு நகர்கிறது. அடுத்த பிளவில் அந்தத் தவறான அடினினுக்கு ஜோடியாகத் தைமின் வந்து உட்காரும். முதலில் அடினின் இருந்த இடத்தில் இப்போது தைமின். எழுத்து மாறிவிட்டது. இனி ஒட்டே போனாலும் மாற்றம் போகாது.

இதில்தான் துப்பறிதலுக்கு வழி திறக்கிறது. வெயில் விட்டுச்செல்லும் மாற்றம் பெரும்பாலும் சைட்டோசின் தைமினாவது. புகையிலை விட்டுச்செல்வது குவானின் தைமினாவது. அடினின் தைமினாவது மற்றப் புற்றுநோய்களில் குறைவு. அதுவும் ஊர்தல் நடக்காத இழையில் மட்டும் குவிந்து, முன்னால் சைட்டோசினும் பின்னால் குவானினும் நிற்கிற அடினின்களைத் தேடிப்பிடித்து நடந்திருந்தால், வேறு யாரும் அங்கே வந்துபோகவில்லை என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்லலாம். நோயாளிக்கு என்ன சாப்பிட்டோம் என்பது நினைவில்லாமல் போகலாம், மருந்தின் சீட்டு பொய் சொல்லலாம். கட்டியின் டி.என்.ஏ. மறப்பதில்லை.

இந்தக் கையெழுத்து முதலில் தீர்த்துவைத்தது ஓர் ஐரோப்பிய மர்மத்தை. டான்யூப் ஆற்றின் கிளைகளையொட்டி செர்பியா, குரோஷியா, போஸ்னியா, பல்கேரியா, ருமேனியா நாடுகளில் சில கிராமங்களில் மட்டும் சிறுநீரகம் மெல்லச் சுருங்கி, பலருக்குச் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வந்துகொண்டிருந்தது. 1950களில் மருத்துவர்கள் இதைப் பதிவுசெய்தார்கள். ஒரு வீட்டில் வரும், அடுத்த வீட்டில் வராது. வைரஸ், கன உலோகம், பூஞ்சை நச்சு, நிலக்கரிப் படுகை நீர் என்று சந்தேகங்கள் மாறிமாறி வந்தன. 1969இல் இவிச் என்ற ஆய்வாளர், கோதுமை வயல்களில் அரிஸ்டோலோக்கியா களையாக வளர்வதையும் அதன் விதைகள் தானியத்தோடு சேர்ந்து ரொட்டிக்குள் போவதையும் சுட்டிக்காட்டினார். யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பெல்ஜியப் பெண்களின் சிறுநீரகத் திசுவும் பால்கன் கிராமத்தாரின் திசுவும் நுண்ணோக்கியில் ஒன்றுபோல இருந்த பிறகே அவர் சொன்னது மீண்டும் நினைவுக்கு வந்தது. 2007இல் அமெரிக்க ஆய்வாளர் ஆர்தர் குரோல்மன் குழுவினர் அந்தக் கிராமத்து நோயாளிகளின் சிறுநீரகத்தில் அடினின் ஒட்டுகளையும், அவர்களின் கட்டிகளில், புற்றுநோயைத் தடுக்கும் பி53 மரபணுவில் அடினின் தைமினான மாற்றங்களையும் காட்டினார்கள். அங்கே பிரச்சினை மருந்துப் பொடியில் இல்லை. அன்றாட ரொட்டியிலேயே இருந்திருக்கிறது.

அடுத்தது தைவான். அங்கே சிறுநீரகச் செயலிழப்பும் மேல் சிறுநீர்ப்பாதைப் புற்றுநோயும் உலகிலேயே மிக அதிகம். அந்தக் கட்டிகளின் மரபணுக்களை முழுமையாகப் படித்த இரு குழுக்கள் 2013இல் அதே கையெழுத்தைக் கண்டன. மாற்றங்களின் அடர்த்தி புகைபிடிப்போரின் நுரையீரல் புற்றைவிடவும் அதிகம். 2017இல் 98 தைவான் கல்லீரல் கட்டிகளைப் படித்தபோது 78 விழுக்காட்டில் அதே தடம் இருந்தது. கல்லீரலும் தப்பவில்லை.

இனி வாசகரின் கேள்விக்கு வருகிறேன். தலைமுறைகளின் அனுபவம் பொய்யல்ல. குடித்த அன்றே வாந்தி எடுத்தால், மூன்று நாளில் காய்ச்சல் இறங்கினால், அனுபவம் அதைச் சரியாகப் பிடித்துக்கொள்ளும். ஐந்து வருடமோ முப்பது வருடமோ கழித்து வருகிற புற்றுநோயை, எப்போதோ குடித்த கஷாயத்தோடு எந்த வைத்தியராலும் எந்தப் பாட்டியாலும் முடிச்சுப்போட முடியாது. அவர்கள் அறிவில் குறைந்தவர்கள் என்பதால் அல்ல, அந்த இடைவெளி மனித நினைவுக்கு எட்டாது என்பதால். கீழாநெல்லியையும் நிலவேம்பையும் பற்றி இதிலிருந்து நான் எதுவும் சொல்ல வரவில்லை. ஒவ்வொரு செடியும் தனித்தனி வேதியியல். ஆனால் ஈஸ்வரமூலி வேரையோ ஆடுதீண்டாப்பாளையையோ வீட்டில் காய்ச்சிக் குடிக்கிறவர்கள் இன்றே நிறுத்துங்கள். பாம்பு கடித்தால் இந்த வேரை நம்பாமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள், விஷமுறிவு ஊசி அங்கேதான் இருக்கிறது. நீண்டகாலம் குடித்திருந்தால் சிறுநீரையும் இரத்த கிரியாட்டினினையும் சோதித்து, குடித்ததை மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை இந்தத் தாவர வகையை 2002இலேயே மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் பிரிவில் வைத்துவிட்டது. தைவான் 2003இல் தடை செய்தது.

கடைசியாக, பணத்தைப் பற்றி. மூலிகை ஆராய்ச்சிக்கு ஒதுக்கும் தொகை பெரும்பாலும் "இதில் என்ன நன்மை" என்ற ஒரு கேள்விக்கே போகிறது. எலியில் வீக்கம் குறைந்தது, தட்டில் கிருமி செத்தது என்று கட்டுரைகள் குவிகின்றன. கடையில் விற்கும் வேர் உண்மையில் எந்தச் செடி, அதைக் குடித்தவர் இருபது வருடம் கழித்து எப்படி இருக்கிறார் என்று கேட்க யாருக்கும் நிதி கிடைப்பதில்லை. தைவானால் தன் பிரச்சினையின் அளவை எண்ண முடிந்ததற்குக் காரணம், அதன் தேசிய மருத்துவக் காப்பீடு மரபு மருத்துவர் எழுதும் சீட்டையும் கணினியில் பதிந்துவைத்தது. அதிலிருந்து எடுத்த இரண்டு லட்சம் பேரின் பதிவைப் புரட்டியபோது, 1997க்கும் 2003க்கும் இடையே மூன்றில் ஒரு பங்குக்கும் மேலானோருக்கு இந்த அமிலம் கலந்த, அல்லது கலந்திருக்கக்கூடிய மருந்து எழுதப்பட்டிருந்தது தெரிந்தது. நம் நாட்டு மருந்துக் கடையில் வேரைப் பொட்டலம் கட்டிக் கொடுக்கும்போது ஒரு சீட்டுகூட எழுதப்படுவதில்லை. புதிய ஆய்வுக்கூடம் கட்டுவதற்கு முன்னால், அரசு சித்த மருத்துவமனைகளில் யாருக்கு எந்த மருந்து எத்தனை நாள் கொடுத்தோம் என்பதை ஐம்பது வருடம் அழியாமல் வைத்திருக்கும் பதிவேட்டையும், கடைகளின் வேரைக் குலுக்கலில் எடுத்து டி.என்.ஏ. கொண்டு இனம்காணும் ஆட்களையும் அரசு ஏற்படுத்த வேண்டும். இதற்கு வேண்டிய நுட்பம் நம் பல்கலைக்கழகங்களிலேயே இருக்கிறது.