தேய்த்த கண்ணாடிச் செல்

கல்லீரலைத் தாக்கும் வைரஸ் நோயான ஹெபடைட்டிஸ் பி பற்றிய தமிழாக்கங்களில் ‘தரைக் கண்ணாடிச் செல்கள்’ என்ற தொடரைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. ஆங்கிலத்தில் அது ‘கிரவுண்ட் கிளாஸ் ஹெபடோசைட்’. கிரேக்கத்தில் ‘ஹெபார்’ என்றால் கல்லீரல்; ‘ஹெபடோசைட்’ என்றால் கல்லீரல் செல். ‘கிரவுண்ட்’ இங்கே நிலம் அல்ல, ‘கிரைண்ட்’ என்ற வினையின் எச்சம். மணலாலோ எமரித் தூளாலோ தேய்த்துப் பளபளப்பைப் போக்கிய கண்ணாடியையே அது குறிக்கிறது. குளியலறை ஜன்னலில் இருப்பது போன்றது: வெளிச்சம் வரும், உருவம் தெரியாது.

‘தரை’ வெறும் பிழை, சுட்டிக்காட்டினால் திருத்திவிடுவார்கள். விவரம் அறிந்தவர்கள் எழுதும் ‘அரைத்த கண்ணாடி’தான் உண்மையான தொல்லை. அகராதிப்படி சரிதானே என்று வாதிடுகிறார்கள். தமிழில் அரைத்தால் பொருள் மாவாகும், விழுதாகும், முழுசாக நிற்காது. மிளகாயை அரைக்கிறோம், கத்தியைச் சாணை பிடிக்கிறோம், மரத்தை இழைக்கிறோம், பாத்திரத்தைத் தேய்க்கிறோம். ஆங்கிலம் ஒரே வினையில் அடக்குவதைத் தமிழ் பிரித்து வைத்திருக்கிறது. அந்தச் செல்வத்தை ஏன் வீணாக்க வேண்டும்? ‘கல்லீரல் செல்களில் அரைத்த கண்ணாடித் தோற்றம்’ என்று பயாப்சி அறிக்கையில் படிக்கும் நோயாளி, வயிற்றுக்குள் கண்ணாடித் தூள் போய்விட்டதாகவே நடுங்குவார். சுருக்கி ‘அரைக் கண்ணாடி’ என்றால் பாதிக் கண்ணாடி ஆகிவிடுகிறது. ‘பனிக்கண்ணாடி’ பரவாயில்லை, ஆனால் குளிர்ச்சியை வீணாக இழுத்து வருகிறது.

செல்லுக்குள் நடப்பதைப் பார்த்தாலும் ‘தேய்த்த’ என்பதே பொருந்தும். சாதாரண ஒளி நுண்ணோக்கியில் சைட்டோபிளாசத்தின், அதாவது உட்கருவைச் சுற்றியுள்ள செல் பொருளின், பெரும்பகுதி சீரான இளஞ்சிவப்பு மங்கலாகவும், ஓரத்தில் வெளிறிய வளையமாகவும் தெரியும். அந்த மங்கல் வைரஸின் மேற்புறப் புரதம் என்பதை 1973இல் கல்லீரல் ஆய்வாளர் ஹட்சியானிஸும் ஹான்ஸ் பாப்பர் உள்ளிட்ட அவருடைய குழுவினரும் எழுதினார்கள். ஒளி நுண்ணோக்கி சுமார் 200 நானோமீட்டருக்குக் கீழே பிரித்துக் காட்டாது. எலக்ட்ரான் நுண்ணோக்கியில்தான் அந்த மங்கல் கலைகிறது: செல்லுக்குள் இருக்கும் சவ்வுக் குழாய்களின் பின்னலான வழவழப்பான எண்டோபிளாச வலை பெருகிக் கிடக்கும், அதன் குழாய்களுக்குள் சுமார் 22 நானோமீட்டர் தடிமனில் இழைகள் அடைந்திருக்கும். இவை மேற்புறப் புரதம் மட்டுமே, முழு வைரஸ் அல்ல. 42 நானோமீட்டர் அளவுள்ள முழு வைரஸ் துகளை ஆய்வாளர் டேன் 1970இல் நோயாளிகளின் இரத்தத்தில் கண்டார். அவர் பெயரையே அதற்கு வைத்தார்கள். இழையையும் துகளையும் ‘வைரஸ்’ என்று ஒரே பெயரில் எழுதும் மொழிபெயர்ப்பாளர்கள், அந்த நுண்ணோக்கி அரும்பாடுபட்டுக் காட்டிய வேறுபாட்டை அழித்துவிடுகிறார்கள்.

தூய தமிழ் வேண்டுவோர் ‘செல்’லை ‘உயிரணு’ ஆக்கட்டும், எனக்கு மறுப்பில்லை. அந்த ஆர்வத்தில் பாதியையாவது வினைச்சொல்லின் மீதும் காட்டலாம். பெயர்ச்சொல்லைத் தூய்மைப்படுத்திவிட்டு வினையைத் தவறாகப் போடுவது இன்று வழக்கமாகிவிட்டது.

இதே நோயில், வைரஸின் உட்கூடுகள் செல்லின் உட்கருவில் குவிந்து அதை மணல் தூவியது போலக் காட்டுவதும் உண்டு. அதை ‘மணல் உட்கரு’ என்று எழுதுகிறார்கள். உட்கருவே மணலால் ஆனது போல ஒலிக்கிறது. ‘மணல் தூவிய உட்கரு’ என்று எழுதுங்கள். முன்னதைத் ‘தேய்த்த கண்ணாடிச் செல்’ என்று எழுதுங்கள்.