"வெறும் புரதம்தானே, தம்பி?"

டர்பனின் சாட்ஸ்வர்த்தில் மருந்தாளுநராக இருக்கும் எனக்கு இந்தக் குளிர்காலத்தில் இது நான்காவது முறை. அறுபதைக் கடந்த பெரியவர் ஒருவர் ரொட்டிப் பையில் சுற்றிய சிறு கண்ணாடிக் குப்பியை மேசைமேல் வைத்தார். ஒட்டுச்சீட்டில் சிஜேசி-1295 என்ற பெப்டைடின் பெயர். அதன்கீழே, ஆராய்ச்சிக்கு மட்டுமே, மனிதருக்குச் செலுத்தலாகாது என்ற எச்சரிக்கை. இளமை திரும்பும் என்று யாரோ சொல்ல, தம் இன்சுலின் ஊசியாலேயே மூன்று வாரமாகப் போட்டுவருகிறாராம். காலைச் சர்க்கரை மட்டும் லிட்டருக்கு 13 மில்லிமோலுக்குக் கீழே இறங்கவில்லையாம். நான் கடிந்துகொண்டதற்கு, "இது மருந்தா? வெறும் புரதம்தானே, தம்பி?" என்றார்.

இந்த 'வெறும்' என்ற சொல்தான் என் பொறுமையைச் சோதிக்கிறது. பெப்டைடும் புரதத்தைப் போல அமினோ அமிலங்களின் சங்கிலி என்பது உண்மையே. அவர் நாள்தோறும் போட்டுக்கொள்ளும் இன்சுலினும் 51 அமினோ அமிலங்கள் கொண்ட பெப்டைடுதான். அது பத்து அலகு கூடிப்போனால் என்ன ஆகும் என்று அவருக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. பருப்பிலுள்ள புரதத்தைக் குடல் செரித்துத் துண்டாக்கிவிடுகிறது. தோலுக்கடியில் ஏற்றியதோ சங்கிலி குலையாமல் இரத்தத்தில் கலந்து உடலை ஏவுகிறது. இவர் குப்பியிலிருந்தது வளர்ச்சி இயக்குநீரைச் சுரக்கச் செய்வது. அந்த இயக்குநீர் இன்சுலினுக்கு எதிராக வேலை செய்யும்.

இளமைக்கென்று விற்கும் இன்னொரு பெப்டைடான எபிதாலோனில் நான்கே அமினோ அமிலங்கள். அது ஆய்வுக்கூடத்தில் வளர்த்த மனிதச் செல்களில் குரோமோசோம்களின் நுனிகளை நீட்டும் டெலோமரேஸ் நொதியைத் தூண்டியதாக ரஷ்ய ஆய்வாளர் விளாதிமிர் கவின்சனின் குழு 2003-இல் அறிவித்தது. பெரும்பாலான புற்றுநோய்ச் செல்கள் ஓயாமல் பெருகுவதும் அதே நொதியின் துணையால்தான் என்பதை விற்பவர்கள் சொல்வதில்லை. (காம்ரேட்ஸ் நெடுந்தொலைவு ஓட்டத்துக்குப் பயிலும் இளைஞர்களே, நீங்கள் மூட்டுவலிக்குத் தேடும் பிபிசி-157 என்ற பெப்டைடும், உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் தடைப்பட்டியலில் 2022 முதல் இருக்கிறது.)

கலக்கும் நீரைப் பொறுத்து மருந்தளவும் மாறும். குப்பியில் 5 மில்லிகிராம் தூள். 2 மில்லி நீர் கலந்தால் மில்லிக்கு 100 அலகு காட்டும் இன்சுலின் ஊசியின் 10-ஆம் அலகுக் கோட்டில் 250 மைக்ரோகிராம் வரும். 1 மில்லி கலந்தால் அதே கோட்டில் 500. பெரியவர் கலந்ததோ கெட்டிலில் கொதித்து ஆறிய நீரை, அதுவும் கண்ணளவாக! கொதித்த நீர் தேநீருக்கு ஆகும், ஊசிக்கு ஆகாது. நம் நாட்டு மருந்து ஒழுங்குமுறை ஆணையத்தின் பதிவெண் இல்லாத எதையும் உடலில் ஏற்றாதீர்கள். ஏற்கெனவே ஏற்றியிருந்தால் மருத்துவரிடம் மறைக்காதீர்கள், உங்களைத் திட்ட அவருக்கு நேரமில்லை.

குளிர்பெட்டியில் இன்னும் இரண்டு குப்பிகள் இருப்பதாகப் போகிறபோக்கில் சொன்னார். "அவற்றையும் கொண்டுவாருங்கள், ஐயா" என்றேன். வெள்ளிக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறார்.