‘முதல்நிலை’ அல்ல, தன்னெழு மிகைப்பு

இரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் (பிளேட்லெட்) அளவுக்கு மீறிப் பெருகுவதை, இரத்தப் பரிசோதனை பற்றிய தமிழ் விளக்கங்களில் ‘முதல்நிலைத் தட்டணு மிகைப்பு’, ‘இரண்டாம் நிலைத் தட்டணு மிகைப்பு’ என்று எழுதும் வழக்கத்தை இனியும் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. ‘நிலை’ என்றதும் நோயாளியின் நினைவுக்கு வருவது புற்றுநோயின் படிநிலைகள்தான். முதல்நிலை என்றால் ஆரம்பம், பிழைத்தோம். இரண்டாம் நிலை என்றால் முற்றிவிட்டது. உண்மை பெரும்பாலும் நேர்மாறானது.

மூலச்சொல் திராம்போசைட்டோசிஸ். கிரேக்கத்தில் ‘துரோம்போஸ்’ உறைகட்டி, ‘கைட்டோஸ்’ கலம். ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் தட்டணுக்கள் 4.5 லட்சத்தைத் தாண்டினால் இந்தப் பெயர். ‘தட்டணு மிகைப்பு’ நல்ல தமிழ். அதில் எனக்குக் குறையில்லை. குறையெல்லாம் அடைமொழியில்.

பெரும்பாலோருக்கு இந்த மிகைப்பு வேறொன்றின் விளைவு; ‘இரண்டாம் நிலை’ என்று எழுதப்படுவது இதுதான்: இரும்புச்சத்துக் குறைவு, தொற்று, நாள்பட்ட அழற்சி, அறுவை சிகிச்சை, மண்ணீரல் அகற்றம், சில புற்றுநோய்கள். அழற்சியில் சுரக்கும் இன்டர்லூகின்-6 என்ற புரதம் கல்லீரலைத் தூண்ட, அது தட்டணு உற்பத்தியை முடுக்கும் திராம்போபொயட்டின் என்ற ஹார்மோனைக் கூடுதலாகச் சுரக்க, எலும்பு மஜ்ஜை தட்டணுக்களைப் பெருக்குகிறது. காரணம் தீர்ந்தால் எண்ணிக்கையும் இறங்கும். ‘முதல்நிலை’ எனப்படும் மற்ற வகையில் மஜ்ஜையின் குருத்தணுவிலேயே (ஸ்டெம் செல்) மரபணு மாற்றம். வெளித்தூண்டல் இல்லாமலே தட்டணுக்கள் பெருகும். 2005-இல் ஜாக்2 என்ற மரபணுவின் மாற்றமும் 2013-இல் கால்ரெட்டிகுலின் என்ற மரபணுவின் மாற்றமும் இதில் கண்டறியப்பட்டன. இரத்தம் உறைந்து குழாயை அடைக்கும் அபாயம் இந்த வகையில்தான் அதிகம். இதற்குப் போய் ‘முதல்நிலை’ என்று பெயர் சூட்டலாமா?

‘இரண்டாம் நிலை’க்குப் பதில் ‘எதிர்வினை மிகைப்பு’ என்பாரும் உண்டு. மருத்துவப் பேச்சில் எதிர்வினை என்றால் மருந்து ஒவ்வாமை. படித்தவர் தாம் உட்கொள்ளும் மாத்திரையைச் சந்தேகித்து நிறுத்திவிடக்கூடும். ‘முதல்நிலை’க்குப் பதில் ‘மூல மிகைப்பு’ என்றால் மூலநோய் குறுக்கே வரும். இவற்றையெல்லாம் மிஞ்சியது ‘அத்தியாவசியத் தட்டணு மிகைப்பு’. எந்த நோய் ஐயா மனிதனுக்கு அத்தியாவசியம்? மருத்துவத்தில் ‘எசென்ஷியல்’ என்ற அந்த ஆங்கில அடைமொழிக்கு ‘வேறு காரணம் புலப்படாத’ என்று பொருள். அகராதியின் முதல் பொருளை எடுத்து ஒட்டிவிட்டு, சொற்றொடர் என்ன சொல்கிறது என்று திரும்பிக்கூடப் பார்க்காத மொழிபெயர்ப்பு இது.

தூண்டு மிகைப்பு, தன்னெழு மிகைப்பு என்று எழுதுவோம். ‘தன்னெழுச்சி’ நாளிதழ்களில் பழகிய சொல், விளக்கம் வேண்டாம். ‘தூண்டு’ என்ற சொல் ‘எது தூண்டியது?’ என்று கேட்கவும் வைக்கும். மருத்துவர் இரும்புச்சத்து இருப்பைக் காட்டும் ஃபெரிட்டினையும் அழற்சியைக் காட்டும் சி-ரியாக்டிவ் புரதத்தையும் பார்க்கச் சொல்வது அதே கேள்விக்காகத்தான். தூண்டியது மறைந்திருக்கும் புற்றுநோயாகவும் இருக்கலாம். ஆகவே ‘தூண்டு’ என்றாலே கவலையில்லை என்றும் எழுதிவிடக் கூடாது.

‘முதல்நிலை உயர் இரத்த அழுத்தம்’ என்பதிலும் இதே குழப்பம் இருக்கிறது. அதையும் திருத்த வேண்டும்.