நிமிடம்

"ஒரு நிமிடம் இருங்கள், இதோ வந்துவிடுகிறேன்" என்று சொல்லி உள்ளே போகிறவர் அறுபது நொடியை எண்ணிக்கொண்டு போவதில்லை. வாசலில் நிற்பவரும் எண்ணுவதில்லை. அந்தச் சொல்லின் பிறப்பே அப்படி.

நிமிஷம் என்ற வடசொல்லின் தமிழ் வடிவம் நிமிடம்; வருஷம் வருடமானதுபோல. வடமொழியில் அதற்குக் கண் இமைத்தல் என்று பொருள். ஓர் இமைப்புக்கு ஆகும் நேரத்தையும் அதே சொல் குறித்தது. கண் இமைக்காத தேவர்கள் அங்கே அநிமிஷர், தமிழில் இமையவர். மூப்பில்லாதவர்களுக்கு இமைப்பும் இல்லை என்று நினைத்த மனத்தை எண்ணி நான் வியக்காத நாளில்லை.

நம் இலக்கணமும் கண்ணையும் கையையும் கொண்டே சிறு நேரத்தை அளந்தது. எழுத்தை ஒலிக்க ஆகும் நேரத்தின் அளவான மாத்திரைக்குத் தொல்காப்பியம் சொல்லும் அளவு 'கண்ணிமை நொடி'. நொடி என்பது விரல் நொடிப்பு. 'அ' என்று சொல்லிக்கொண்டே விரலை ஒருமுறை நொடித்துப் பாருங்கள். ஒலியும் விரலும் ஒன்றாக முடியும். 'ஆ' என்றால் இரண்டு நொடிப்பு வேண்டும்.

நீண்ட நேரத்தை அளக்க நீர் இருந்தது. முல்லைப்பாட்டின் பாசறையில் 'பொழுதளந்து அறியும் பொய்யா மாக்கள்' குறுநீர்க் கன்னல் என்ற நீர்க்கருவியைப் பார்த்து மன்னனுக்கு நாழிகை சொல்கிறார்கள். நாளுக்கு 60 நாழிகை. ஒரு நாழிகை இன்றைய 24 நிமிடம். நாழிகையை 60 ஆகப் பகுத்தால் விநாடி, அதாவது இன்றைய கடிகாரக் கணக்கில் 24 நொடி. சூரிய உதயத்திலிருந்து நாளைத் தொடங்கும் இந்தக் கணக்கு பஞ்சாங்கத்தில் இன்றும் உயிரோடிருக்கிறது.

கடிகாரத்தின் புது அளவுகளுக்குப் பழைய சொற்களையே எடுத்து மாட்டினோம். இமைப்பு 60 நொடியாக வீங்கியது. 24 நொடியாக இருந்த விநாடி ஒரு நொடியாகச் சுருங்கியது. அடிக்கிற மணியின் பெயரே பொழுதின் அளவுக்கும் வந்தது. பெரிய மாற்றம் இந்த மணியில்தான் என்பது என் எண்ணம். பொழுது விடிந்ததையும் சாய்ந்ததையும் அவரவர் வானத்தைப் பார்த்தே அறிந்தார்கள். மணியை வேறு யாரோ அடிக்க வேண்டும், நாம் கேட்டு ஓட வேண்டும். பள்ளிக்கூடமும் ஆலையும் அப்படித்தான் நம்மை ஓடப் பழக்கின. பொழுதோடு கிளம்பியவர் மணிக்குக் கிளம்பத் தொடங்கினார். கூலியும் மணிக்கணக்காயிற்று.

கடிகார நிமிடத்துக்கு மணித்துளி என்ற தமிழ்ச் சொல் இருக்கிறது. அதில் துளி என்று வருவதாலேயே எனக்கு அதன்மேல் தனிப் பிரியம். கன்னலில் சொட்டிய நீரை அது நினைவூட்டுகிறது. விநாடிக்கு நொடி போதும். பழைய பொருளில் சொல்ல வேண்டுமானால் இமைப்பொழுது. வாசலில் நிற்பவரிடம் "சற்றுப் பொறுங்கள்" என்றாலே போதும். அங்கே எந்த அளவும் தேவையில்லை.

பருப்பு வேக எத்தனை மணித்துளி ஆகும் என்று அம்மாவிடம் கேட்டேன். அடுப்பைத் தணித்துக்கொண்டே, "நான்கு விசில்" என்றார்.