புல்னியா, பல்னியா, பழனியா?

கொடைக்கானலில் எங்கள் பக்கத்து வீட்டுப் பெண் சோலைக்காட்டுச் செடிகளைப் பற்றி ஆய்வேடு எழுதுகிறாள். போன வாரம் நெறியாளர் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார், துணைநூற்பட்டியல் சரியில்லையாம். "இதுக்கெல்லாமா அக்கா திருப்பித் தருவாங்க?" என்று கேட்டாள். தரத்தான் வேண்டும். அந்தப் பட்டியலை வைத்துத்தான் இன்னொருவர் அதே நூலை, அதே பக்கத்தை எடுத்துப் பார்க்க முடியும்.

அவள் பட்டியலில் தாவரவியலாளர் ஃபைசனின் நூல் இருந்தது. நீலகிரியிலும் நம் பழனி மலையிலும் 6,500 அடிக்கு மேல் வளரும் செடிகளைப் பற்றி 1915 முதல் 1920 வரை மூன்று தொகுதிகளாகச் சென்னையில் வெளிவந்தது. அதன் ஆங்கிலத் தலைப்பில் நம் மலைக்குப் பெயர் 'புல்னி'. 1999இல் மேத்யூ எழுதிய தாவர நூலில் 'பல்னி'. இவள் இரண்டையும் 'பழனி' என்று திருத்தி வைத்திருந்தாள். பாசம் புரிகிறது, ஆனால் நூலகக் கணினி எழுத்தைப் பார்த்துத்தான் தேடும், அதனால் தலைப்புப் பக்கத்தில் அச்சாகியிருப்பதை அப்படியே எழுதுவதுதான் முறை.

ஆண்டும் அப்படித்தான். ஃபைசனே 1932இல் தென்னிந்திய மலைவாசத் தலங்களின் தாவரங்களைப் பற்றி இன்னொரு நூல் வெளியிட்டார், ஆகவே ஆண்டும் தொகுதி எண்ணும் இல்லாமல் வெறுமனே 'ஃபைசன், பக்கம் 200' என்றால் எதைத் தேடுவது? மறுபதிப்பைப் படித்திருந்தால் அந்த ஆண்டைப் போட்டு, முதலில் வந்த ஆண்டையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் புதிதாக அச்சுக் கோக்கும்போது பக்க எண்கள் மாறிவிடும். இப்போதைய நூல்களுக்கு ஐஎஸ்பிஎன் என்ற தனி அடையாள எண் இருக்கிறது, அக்காலத்து நூல்களுக்கு அது கிடையாது. பதிப்பாளரின் ஊரை மட்டும், துணைநூற்பட்டியல் எழுதும் முறைகளில் ஒன்றான ஏபிஏவின் ஏழாம் பதிப்பு வேண்டாம் என்று விட்டுவிட்டது.

அப்புறம் பெயர். எனக்கு ரொம்ப வருத்தம் தருவது இதுதான். மேல்நாட்டு முறையில் கடைசியில் நிற்பது குடும்பப் பெயர், அதை முன்னால் கொண்டுவந்து அகரவரிசைப்படுத்துவார்கள். நம் இனிஷியல் பெரும்பாலும் அப்பாவின் பெயர். 'க. முருகன்' என்பவரை 'முருகன், க.' என்று போட்டால் சரியாக 'மு' வரிசையில் வந்து நிற்பார். அவரே 'முருகன் கந்தசாமி' என்று விரித்து எழுதினால் மென்பொருள் கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொள்ளும், மகன் செய்த ஆய்வு 'கந்தசாமி' என்று அப்பா பெயரில் போய்ச் சேரும்.

அவளுடைய முதல் கட்டுரையும் அப்படித்தான் அவள் அப்பா பெயரில் கிடக்கிறது. இரண்டாவதை அனுப்பும்போது, படிவத்தில் குடும்பப் பெயர் கேட்ட கட்டத்தில் தன் பெயரையே எழுதினாள்.