வரிப்பாம்பெல்லாம் கட்டுவிரியன் இல்லை: செதில் பார்க்கும் முறை

கருப்பு உடம்பில் வெள்ளை வரி தெரிந்தால் போதும், ‘கட்டுவிரியன்’ என்று அடித்துப் போட்டுவிட்டு அப்புறம்தான் படம் அனுப்புகிறார்கள். அப்படி வரும் படங்களில் பல வெள்ளிக்கோல் வரையன்தான். ஓநாய்ப் பாம்பு என்றும் சொல்வார்கள். பல்லி தின்ன வீட்டுச் சுவரேறி வரும், விஷமில்லாத பாம்பு. இதைவிட ஆபத்தானது நேரெதிரான தவறு. வரி மங்கிப்போன கட்டுவிரியனை ‘ஏதோ தண்ணீர்ப் பாம்பு’ என்று கையால் தூக்கியவர்களும் உண்டு. இரண்டு தவறுக்கும் காரணம் ஒன்றே: நிறத்தைப் பார்த்துப் பெயர் சொல்வது. ஒரே இனத்துக்குள்ளேயே வயது, ஊர், சட்டை உரிக்கும் நேரம் ஆகியவற்றுக்கு ஏற்ப நிறம் மாறும். செதில்களின் அமைப்பு அவ்வளவு எளிதில் மாறாது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இங்கே சொல்லப்போவது செத்த பாம்பு, உரித்த சட்டை, தூரத்தில் நின்று எடுத்த தெளிவான படம் ஆகியவற்றுக்கு மட்டுமே. யாரையாவது பாம்பு கடித்திருந்தால் செதில் எண்ணிக்கொண்டு நிற்கக்கூடாது. கடிபட்ட கை காலை அசையாமல் வைத்து, 108-ஐ அழைத்து, விஷமுறிவு மருந்து இருக்கும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். பாம்பைப் பிடித்துக்கொண்டு போக வேண்டிய அவசியம் இல்லை. மருத்துவர் அறிகுறிகளைப் பார்த்தே முடிவெடுப்பார். உதாரணமாக, 2 மி.லி. ரத்தத்தைப் புதிய, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைத்து ஒரே ஒரு முறை சாய்த்துப் பார்ப்பார்கள். உறையாமல் ஓடினால் விரியன் விஷம் ரத்தத்தில் வேலை செய்கிறது என்று பொருள். பல் தடத்தை வைத்து விஷப்பாம்பா என்று தீர்மானிப்பதும் வேண்டாம். இரவில் தூங்குபவரைக் கடிக்கும் கட்டுவிரியன் பல நேரம் கண்ணுக்குத் தெரியும் தடமோ வலியோ விட்டுவைப்பதில்லை.

இன்னும் இரண்டு நம்பிக்கைகளைக் கைவிட வேண்டும். தலை முக்கோணமாக இருந்தால் விஷம் என்பது ஒன்று. கண்ணின் பாவை பூனைக்கண் போல நெட்டாக இருந்தால் விஷம் என்பது மற்றொன்று. நாகத்துக்கும் கட்டுவிரியனுக்கும் பாவை வட்டம்தான், தலையும் கழுத்தும் பெரிதாகப் பிரிந்து தெரியாது. மனிதருக்கு ஆபத்தில்லாத பூனைப் பாம்புக்கோ நெட்டுப் பாவையும் அகன்ற தலையும் உண்டு. இந்த இரண்டு விதிகளை நம்பினால் நம் ஊரில் அதிகம் கொல்லும் பாம்புகளில் இரண்டைக் கோட்டைவிடுவோம்.

சரி, எதைப் பார்ப்பது? முதுகு, வாலின் அடிப்பக்கம், தலையின் பக்கவாட்டு. இந்த மூன்று இடம் தெளிவாகத் தெரிந்தால் பெரும்பாலும் பதில் கிடைத்துவிடும்.

முதுகில் நடுத்தண்டு நெடுக ஓடும் செதில் வரிசையைப் பாருங்கள். கட்டுவிரியனுக்கு இந்த நடுவரிசைச் செதில்கள் பக்கத்துச் செதில்களைவிடத் தெளிவாகப் பெரியவை, அறுகோணமானவை. வெள்ளிக்கோல் வரையனுக்கு நடுவரிசையும் பக்கவரிசையும் ஒரே அளவுதான். பள்ளிப் பாடம் பெரும்பாலும் இதோடு நிறுத்திவிடும். அங்கேதான் வம்பு. மரத்தில் திரியும் கொம்பேறி மூக்கனுக்கும் நடுவரிசைச் செதில்கள் பெரியவை. பூனைப் பாம்புகளுக்கும் அப்படியே. கொம்பேறி மூக்கனின் உடல் நடுவில் செதில் வரிசை எண்ணினால் 15 வரும், கட்டுவிரியனுக்கும் பெரும்பாலும் 15. ஆக, முதுகை மட்டும் பார்த்து ‘கட்டுவிரியன்’ என்று எழுதிவிட முடியாது.

அதனால் அடுத்து வாலைத் திருப்ப வேண்டும். பாம்பின் வயிற்றுப் பக்கம் அகலமான தகடுகள் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கியிருக்கும். அவை முடியும் இடத்தில் மலவாயை மூடும் தகடு, அதற்குப் பின் வருவது வால். மலமும் சிறுநீரும் வெளியேறுவதும் இனப்பெருக்கமும் எல்லாம் அந்த ஒரே வாய் வழியாகத்தான், அதனால் அதைப் பொதுக்கழிவாய் என்பார்கள். அந்தத் தகட்டையும் அதற்குப் பின்னால் உள்ள வாலடிச் செதில்களையும் பாருங்கள். ஒவ்வொன்றும் குறுக்கே ஒரே துண்டாக இருக்கிறதா, நடுவில் கோடு விழுந்து இரண்டாகப் பிரிந்து வளைந்து வளைந்து போகிறதா? கட்டுவிரியனுக்கு மலவாய்த் தகடும் வாலடிச் செதில்களும் ஒரே துண்டு. கொம்பேறி மூக்கனுக்கு இரண்டுமே பிரிந்தவை. வெள்ளிக்கோல் வரையனுக்கும் பூனைப் பாம்புக்கும் வாலடிச் செதில்கள் இரட்டைதான்.

முதுகில் பெரிய அறுகோண நடுவரிசை, வாலடியில் ஒற்றைச் செதில்: இரண்டும் சேர்ந்து வந்தால் கட்டுவிரியன் என்று தயங்காமல் சொல்லலாம். வாலடியை மட்டும் தனியே விதியாக்கிவிடக் கூடாது. நாகத்துக்கும் கண்ணாடி விரியனுக்கும் வாலடிச் செதில் இரட்டை, விஷமில்லாத மண்ணுளிக்கோ பெரும்பாலும் ஒற்றை. ‘ஒற்றை என்றால் விஷம்’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

வரிகளையும் ஒரு துணைச்சான்றாக வைத்துக்கொள்ளலாம். கட்டுவிரியனின் வெள்ளை வரிகள் பெரும்பாலும் இரண்டிரண்டாக நெருங்கி வரும். கழுத்துப் பக்கம் மங்கியோ இல்லாமலோ இருந்து வால் நோக்கித் தெளிவாகும். வெள்ளிக்கோல் வரையனுக்குத் தலைக்கு அருகே வரி அகலமாகத் தொடங்கி வால் நோக்கிப் போகப்போக மங்கும். ஆனால் வரியே இல்லாத பெரிய கட்டுவிரியன்களும் உண்டு என்பதால் இதைத் துணைச்சான்றுக்கு மேல் உயர்த்த வேண்டாம்.

செதில் வரிசை எண்ணுவதிலும் ஒரு முறை இருக்கிறது. தலைக்கும் மலவாய்க்கும் நடுப்பகுதியைத் தேர்ந்தெடுங்கள். வயிற்றுத் தகட்டை ஒட்டிய முதல் முதுகுச் செதிலை 1 என்று வைத்து, சாய்வாக ஏறி நடுத்தண்டுக்குப் போய், அங்கிருந்து மறுபக்கம் இறங்குங்கள். வயிற்றுத் தகட்டை எண்ணிக்கையில் சேர்க்கக் கூடாது. நேர்கோட்டில் குறுக்கே எண்ணினால் ஒன்றிரண்டு தவறிவிடும், செதில்கள் ஒன்றின்மேல் ஒன்று சாய்வாகப் பதிந்திருப்பதுதான் காரணம். கட்டங்கட்டமான தண்ணீர்ப் பாம்புக்கு 19, கண்ணாடி விரியனுக்கு 27 முதல் 33 வரை வரும். கழுத்திலும் மலவாய்க்கு முன்னும் எண்ணிக்கை மாறும் என்பதால் எந்த இடத்தில் எண்ணினீர்கள் என்று குறிப்பது முக்கியம்.

தலைக்கு வருவோம். தலையின் மேல் பெரிய தகடுகளா, பொடிப்பொடியான செதில்களா என்பதுதான் முதல் கேள்வி. பெரிய தகடுகள் என்றால் பக்கவாட்டைப் பாருங்கள். மூக்குத்துளை இருக்கும் செதிலுக்கும் கண்ணைத் தொட்டுக்கொண்டு முன்னால் நிற்கும் செதிலுக்கும் நடுவே, கண்ணைத் தொடாமல் இன்னொரு சின்னச் செதில் இருந்தால் அது லோரியல். நாகம், கட்டுவிரியன், கடற்பாம்பு அடங்கிய குடும்பத்துக்கு லோரியல் கிடையாது. ஆகவே பெரிய தலைத்தகடுகளும் லோரியலும் சேர்ந்து இருந்தால் அது நாகமும் இல்லை, கட்டுவிரியனும் இல்லை. இந்த விதி ஒரு பக்கம்தான் வேலை செய்யும். லோரியல் இல்லாத சாதாரணப் பாம்புகளும் சில உண்டு என்பதால், அது இல்லை என்பதற்காக விஷப்பாம்பு என்று தீர்ப்பு எழுதக் கூடாது.

படம் எடுக்காத நாகத்தையும் சாரையையும் குழப்பிக்கொள்வது தினசரி நடப்பது. சாரைக்கு லோரியல் உண்டு, பெரும்பாலும் ஒன்றுக்கு மேல். உதட்டுச் செதில்களின் விளிம்பில் கறுப்புக் கோடுகளும் தெரியும். நாகத்துக்கு மேலுதட்டின் மூன்றாவது செதில் உயர்ந்து கண்ணையும் மூக்குச் செதிலையும் ஒருசேரத் தொடும். கீழுதட்டில் நான்காவது, ஐந்தாவது செதில்களுக்கு நடுவே விளிம்பில் ஆப்பு செருகியது போல ஒரு சின்ன முக்கோணச் செதில் இருக்கும். படம் எடுத்து நிற்கும் நாகத்தில் இதையெல்லாம் தேட வேண்டியதில்லை. தலை நசுங்கிய உடலிலும் ஓரத்தில் கிடக்கும் சட்டையிலும்தான் இவை கைகொடுக்கும்.

தலைமேல் பொடிச்செதில் என்றால் விரியன் வகை என்பது பாதி உண்மை. மண்ணுளிக்கும் பொடிச்செதில்தான். கண்ணாடி விரியன் என்று நினைத்து அடிபடும் மண்ணுளிகள் நிறைய. இங்கே வயிற்றைப் பாருங்கள். கண்ணாடி விரியனின் வயிற்றுத் தகடுகள் வயிறு முழுவதும் அகன்றிருக்கும், மண்ணுளிக்கு நடுவில் குறுகலாக நின்றுவிடும். கண்ணாடி விரியனின் முதுகுச் செதில்களில் நடுவரம்பு எழுந்து சொரசொரவென்றிருக்கும், மூக்குத்துளை பெரியது, முதுகில் சங்கிலி போல மூன்று வரிசைப் புள்ளிகள் இருக்கும். சொரசொரப்பை மட்டும் நம்ப முடியாது. மண்ணுளியிலேயே ஓர் இனத்துக்கு வால் பக்கம் தடவினால் அரம் போலத்தான் இருக்கும்.

சுருட்டை விரியனுக்கு விலாப்பக்கச் செதில்கள் சாய்வாக அமைந்து, அவற்றின் நடுவரம்பு ரம்பப் பல் போல அரும்பியிருக்கும். உடலைச் சுருட்டி அவற்றை ஒன்றோடொன்று உரசும்போது வருவதுதான் அந்தச் சரசரப்பு. அதனோடு குழம்புவது பூனைப் பாம்பு. பூனைப் பாம்பின் தலையில் பெரிய தகடுகள், உடலில் வழுவழுப்பான செதில்கள், வாலடி இரட்டை. சுருட்டைக்குத் தலையில் பொடிச்செதில், வாலடி ஒற்றை.

மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்திலும் இலங்கையிலும் இதே குழப்பம் இன்னொரு வடிவில் வரும், இதில் உயிர் சம்பந்தப்பட்டிருக்கிறது. மூக்கு நுனி மேலே தூக்கியிருக்கும் குழிவிரியனைச் சுருட்டை விரியன் என்று எழுதிவிடுகிறார்கள். குழிவிரியனுக்குக் கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவே ஒரு குழி தெரியும். இரையின் உடல் வெப்பத்தை உணரும் உறுப்பு அது. சுருட்டைக்கு அந்தக் குழி கிடையாது. தவிர, இந்தக் குழிவிரியனின் தலைப் பின்பகுதியில் பெரிய தகடுகள் உண்டு. இந்தியாவில் தயாராகும் விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்துக்கு எதிரானது. அதற்கான விஷத்தைச் சென்னைக்கு அருகே வடநெம்மேலியில் 1978-இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துத் தருகிறது. குழிவிரியன் கடிக்கு இந்த மருந்து பயன்படாது, ஒவ்வாமை ஆபத்து மட்டும் மிச்சமாகும். சிறுநீரகம் கெடுகிறதா என்று கவனிப்பதுதான் அங்கே முக்கியம். பாம்பின் தெளிவான படம் மருத்துவருக்கு உண்மையிலேயே உதவும் சந்தர்ப்பம் இது.

கடற்கரையில் வேலை எளிது. வால் துடுப்பு போலப் பக்கவாட்டில் தட்டையாக இருந்தால் கடற்பாம்பு என்று எடுத்துக்கொண்டு வலையிலிருந்து கையால் எடுக்காமல் இருங்கள்.

வீட்டில் சட்டை மட்டும் கிடந்தால் பதறி எரித்துவிடாதீர்கள். அது நல்ல சான்று. பாம்பு உதட்டிலிருந்து உரித்துக்கொண்டு முன்னோக்கி ஊர்ந்து வெளியேறுவதால் சட்டை உள்பக்கம் வெளியாகத் திரும்பியிருக்கும். வால் நுனி நீட்டியிருக்கும் திசையில்தான் பாம்பு போயிருக்கும், யாரும் இழுத்துப் போடாமல் இருந்தால். ஈரத்தில் இழுபட்டு நீளுவதால் சட்டையின் நீளத்தை வைத்துப் பாம்பின் நீளம் சொன்னால் மிகைப்படும். நிறமும் பெரும்பாலும் இருக்காது, செதில் அமைப்பு அப்படியே இருக்கும். வெதுவெதுப்பான நீரில் கொஞ்ச நேரம் ஊறவிட்டு, கண்ணாடித் தட்டில் மெல்ல விரித்து, பின்னால் வெளிச்சம் வைத்துப் படமெடுங்கள். கிழியாமல் வேண்டியவை தலைப்பகுதியும் மலவாயை அடுத்த வால் பகுதியும்தான். கண்ணை மூடும் கண்ணாடிச் செதில்கூடச் சட்டையோடு வந்திருக்கும்.

உயிருள்ள பாம்பை ஜூம் செய்து எடுங்கள், அருகே போகாதீர்கள். செத்ததாகத் தெரிவதையும் கையால் தொடக் கூடாது. துண்டாகிக் கிடக்கும் விரியன் தலைகூடச் சிறிது நேரம் கடிக்கும். நீளமான குச்சியால் திருப்பி, பக்கத்தில் ஒரு நாணயமோ அளவுகோலோ வைத்து, முதுகு நடு, வாலடி, தலையின் இரு பக்கம் என்று நான்கு படம் எடுத்தால் போதும். முழு உடலையும் தூரத்தில் நின்று ஒரே படமாக எடுத்து அனுப்பினால் செதில் ஒன்றும் தெரியாது. அடையாளம் காண்பதற்காக அடிக்கவும் வேண்டாம். பெரும்பாலான பாம்புகளை 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் பாதுகாக்கிறது.

மழைக்காலத்தில் ‘பாம்புக் குட்டி’ என்று வரும் படங்களில் இன்னொரு வகையும் உண்டு. பூந்தொட்டியில் நெளியும் கறுத்த மெல்லிய புழுப்பாம்பு ஒன்று. அதற்கு உடல் சுற்றிலும் ஒரே அளவுச் செதில், அகன்ற வயிற்றுத் தகடே கிடையாது, கண் ஒரு செதிலுக்கு அடியில் புள்ளியாகத் தெரியும், வால் நுனியில் சின்ன முள் இருக்கும். நம் வீடுகளில் அதிகம் காணும் இந்த இனத்தில் எல்லாமே பெண், ஆண் இல்லாமலே இனம் பெருகும். மேற்குத் தொடர்ச்சி மலைப் பகுதியின் ஈரத் தோட்டங்களில் மண் வெட்டும்போது வரும் சிசிலியன் வேறு. அது பாம்பும் இல்லை, மண்புழுவும் இல்லை. காலில்லாத, தவளை இனத்தின் உறவு. உடலில் வளையம் வளையமாகக் கோடு விழுந்திருக்கும், வெளியே செதில் தெரியாது, தோல் ஈரமாக வழுக்கும். மண்புழுவுக்கு இல்லாத தாடையும் பல்லும் இதற்கு உண்டு. சுவாசத்தில் ஒரு பங்கு அந்த ஈரத் தோல் வழியாகவும் நடக்கிறது. உப்பையோ பிளீச்சிங் பவுடரையோ தூவினால் செத்துவிடும். மண்வெட்டியால் ஈர மண்ணோடு சேர்த்து அள்ளி, நிழலான இடத்தில் விட்டுவிடுங்கள்.